நிறுத்து என்றால் யார் நிற்பது?

செமிலிங் வட்டாரத் தோட்டங்களில் மழை இறங்கினால் பால்வெட்டை நிறுத்தக் குரல் கொடுப்பார்கள். வெட்டுகிறவர் நிறுத்துவார். கங்காணியோ ஓடிவிடாமல், எல்லோரும் திரும்பும்வரை காத்திருந்து கணக்கெடுப்பார்.

இன்று நம் பிள்ளைகள் கற்கும் கணினியிலும் இப்படி ஒரு கங்காணி உண்டு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் அமைப்பைத் தொடங்கினர். அதில் நம் கட்டளையை வாங்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அது ஒரு பிள்ளை நிரலை வேலைக்கு ஏவிவிட்டுக் காத்திருக்கும்.

நாம் நிறுத்தும் விசையை அழுத்தினால், அந்நாளில் அச்செய்தி அந்த முனையத்தின் எல்லா நிரல்களுக்கும் போயிற்று. பிள்ளை நிற்கும்; ஷெல் நிற்காது. பிள்ளை எப்படி முடிந்தது என்று அறிந்த பிறகே அடுத்த கட்டளையைக் கேட்கும். பின்னணியில் ஓடும் வேலை பாழாகாமலிருக்க, அதை முன்பே காதைப் பொத்தி அனுப்பிவைக்கும்.

1980-இல் வெளிவந்த பெர்க்கிலி யூனிக்ஸ் வேலைகளைக் குழுக்களாகப் பிரித்தது. முன்னணிக் குழுவுக்கு மட்டுமே செய்தி போயிற்று. இந்த ஏற்பாடு இல்லையென்றால், தவறான ஒரு வேலையை நிறுத்தப்போய், பக்கத்தில் பாதி முடிந்த சம்பளக் கணக்கும் அழிந்துபோகலாம்.

நிறுத்தச் சொல்வது எளிது. யாரை நிறுத்துவது, யார் இருந்து பொறுப்பேற்பது என்பதை வகுக்கத்தான் பதினோரு ஆண்டுகள் ஆயின.