போலி ஆடம்பரக் கைக்கடிகாரம்

புகழ்பெற்ற கம்பெனியொன்றின் கைக்கடிகாரத்தை, அதன் உருவம், முகப்பு, பெயர், சின்னம் ஆகிய அனைத்தும் ஒத்திருக்குமாறு பிறர் உற்பத்தி செய்து விற்கும் பிரதியே போலி ஆடம்பரக் கைக்கடிகாரம் ஆகும். இந்தியக் கடைவீதிகளில் இது 'டூப்ளிகேட்' என்றும், சற்று உயர்ந்த ரகமாயின் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்றும் வழங்கும். கலப்பட நெய்யையோ போலி மருந்தையோ வாங்குகிறவன் ஏமாற்றப்படுகிறான். ஆனால் ரோலெக்ஸ் என்னும் பெயர் பொறித்த கடிகாரத்தை நடைபாதையில் பேரம் பேசி வாங்குகிறவன், தான் வாங்குவது இன்னதென்று பெரும்பாலும் அறிந்தே வாங்குகிறான். ஏமாற வேண்டியவர்கள் அவன் மணிக்கட்டைப் பார்க்கும் மற்றவர்கள்தாம். இவ்வியாபாரத்தின் இயல்பும், அதைத் தடுக்க முயலும் சட்டங்களின் தடுமாற்றமும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

இத்தொழில் நூதனமானதன்று. லண்டன் கடிகாரங்களின் கீர்த்தியைப் பிறர் அபகரிப்பதைத் தடுக்கும் பொருட்டு, செய்தவர் பெயரும் ஊரும் கடிகாரத்தில் பொறிக்கப்பட வேண்டுமென 1698-லேயே ஆங்கிலப் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. அவ்வாறிருந்தும், அடுத்த நூற்றாண்டில் ஜினீவாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் செய்யப்பட்ட மலிவான கடிகாரங்கள், எங்கும் இருந்திராத ஆங்கிலக் கைவினைஞர்களின் பெயர்களையும் 'லண்டன்' என்ற முத்திரையையும் தாங்கி ஐரோப்பாவில் விலை போயின. பாரிஸில் தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே, தம் பெயரில் போலிகள் மலிந்தமை கண்டு, சாய்ந்த வெளிச்சத்திலன்றிக் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய இரகசியக் கையொப்பத்தை 1795-ஐ ஒட்டித் தம் கடிகார முகப்புகளில் இடத் தொடங்கினார். 1876-ல் பிலடெல்பியாவில் நடைபெற்ற கண்காட்சியில் அமெரிக்க யந்திரத் தொழிலின் சிறப்பை உலகம் கண்ட காலத்தை ஒட்டி, அமெரிக்கப் பெயர்களைப் போன்ற பெயர்களைத் தாங்கிய சுவிஸ் கடிகாரங்கள் அந்நாட்டுச் சந்தையில் புகுந்தன. இன்று போலிகளை எதிர்த்து உலகெங்கும் வழக்காடுகிற தேசம் ஒரு காலத்தில் அக்கலையில் கைதேர்ந்திருந்தது என்பதைச் சுவிஸ் வியாபாரிகள் அடிக்கடி நினைவுகூர்வதில்லை.

தற்காலத்தில் இதன் உற்பத்தி பெரும்பாலும் சீனத்தின் தென்பகுதியைச் சார்ந்தது. குவாங்ஜோ ரயில் நிலையத்தை அடுத்த கடிகாரச் சந்தை மொத்த வியாபாரத்துக்குப் பிரசித்தி பெற்றது. மிகத் தாழ்ந்த ரகத்தில் மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் யந்திரமே இருக்குமாதலால், வினாடி முள் வினாடிக்கு ஒருமுறை துள்ளி நகர்வதே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அசல் ரோலெக்ஸின் சமனச் சக்கரமோ மணிக்கு 28,800 துடிப்புகள், அதாவது வினாடிக்கு 8, கொண்டதாகையால், முள் வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும். உயர்ந்த ரகப் போலிகளும் இப்போது அதே வேகத்தில் ஓடுகின்றன. ஏனெனில், உரிமைக்காலம் முடிந்துவிட்ட இ.டி.ஏ. 2824 என்னும் சுவிஸ் யந்திரத்தைச் சீனத் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு உட்பட்டே பிரதி செய்கின்றன. அந்த யந்திரத்தில் குற்றமில்லை. அதன்மேல் வைக்கும் முகப்பில்தான் குற்றம் தொடங்குகிறது.

போலியின் பலவீனம், பொத்தானை அழுத்திக் கால இடைவெளியை அளக்க உதவும் குரோனோகிராஃப் வகையில் நன்கு வெளிப்படும். பலர் விரும்பும் ரோலெக்ஸ் டேடோனாவில் ஓடும் வினாடியைக் காட்டும் சிறு வட்டம் 6 மணி இடத்தில் இருக்க, பிரதியாளர்கள் நெடுங்காலம் கையாண்ட 7750 வகை யந்திரத்தில் அது 9 மணி இடத்தில் இருந்தது. ஆகவே தோற்றம் பொருந்த வேண்டி, யந்திரத்தில் இல்லாத பற்சக்கரங்களை இடையில் நுழைத்து அசைவைத் திசை மாற்றினர். உராய்வு மிகுந்து கடிகாரம் நின்றுபோவது சகஜமாயிற்று. இதற்கு மாறாக, வெளித்தோற்றத்துக்காகவே யந்திரத்தைத் துறந்து, அழுத்தினால் அசையாத பொத்தான்களைப் பொருத்தியவர்களும் உண்டு.

வாங்கும் முறை இருவகைப்படும். கோலாலம்பூரின் பெட்டாலிங் தெரு, பாங்காக்கின் பட்போங், நியூயார்க்கின் கேனல் தெரு போன்ற இடங்களில் பேரம் பேசிக் கைமேல் வாங்குவது பழைய முறை. தூரத்திலிருந்து தருவிப்பது மற்றொரு முறை. அவ்வாறு தருவிப்போருக்கு விற்பவர்கள், அனுப்புமுன் அந்தக் கடிகாரத்தின் புகைப்படங்களைக் காட்டிச் சம்மதம் பெறுவர். முள் கோணலா, எழுத்து பிசகா என்று கடன்பத்திரம் வாசிப்பதுபோல் வாங்குபவர் ஆராய்வார். போலியில் அசலுக்குரிய நுட்பத்தைத் தேடும் இந்தச் சிரத்தை வேடிக்கையானதே. பழுது பார்ப்பதுதான் கஷ்டம்: உரிய கம்பெனி தொடாது, பல கடிகாரக்காரரும் மறுப்பர், நீர் புகாமை என்பது பெரும்பாலும் முகப்பில் அச்சிட்ட எழுத்தோடு நின்றுவிடும்.

சட்டங்கள் தேசந்தோறும் வேறுபடும். வாங்குபவன் ஏமாறவில்லையாயினும் அவன் வீட்டுக்கு வருவோர் ஏமாறக்கூடும் என்னும் வாதத்தை, ஆட்மோஸ் மேஜைக் கடிகாரத்தின் தோற்றத்தைப் பிரதி செய்ததைப் பற்றிய வழக்கில், 1955-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு ஒன்று ஏற்றுக்கொண்டது. சுவிட்ஸர்லாந்தில் 2008 ஜூலை முதல் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரும் ஒற்றைக் கடிகாரத்தையும் சுங்க அதிகாரிகள் கைப்பற்றலாம். இத்தாலியில் வாங்கியவருக்கே அபராதம் உண்டு. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டமோ விற்பவரையே நாடி, 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

அறிந்தே வாங்கிய முதல் சொந்தக்காரர் போலியைப் பிறருக்கு விற்கும்போதுதான் உண்மையான மோசடி நிகழ வாய்ப்பு ஏற்படுகிறது. பெட்டி, உத்தரவாத அட்டை, வரிசை எண் ஆகியவையும் பிரதி செய்யப்படுவதாலும், சில கடிகாரங்களில் அசல் வெளிக்கூடும் போலி உறுப்புகளும் கலந்திருப்பதாலும், பழைய கடிகாரம் வாங்குவோர் பின்மூடியைத் திறந்து யந்திரத்தைக் காட்டும்படி வற்புறுத்துவது வழக்கம்.