யோகாவும் தன்னியக்க நரம்பு மண்டலமும்: பயிற்சி எது, வழிபாடு எது?

ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர், "யோகாவும் செய்யுங்கள்" என்கிறார். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் தொழிற்சாலைகளுக்கு இரவு ஷிப்ட் போய்வரும் சகோதரர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இது நமக்குக் கூடுமா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லும் முன், அது உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

இரண்டு நரம்புப் பிரிவுகள்

இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், செரிமானம் ஆகியவை நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. அல்லாஹ் அவற்றைத் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறான். அதில் பரிவு நரம்புகள் உடலை அவசரத்துக்குத் தயார்செய்து துடிப்பைக் கூட்டும். எதிர்ப்பரிவு நரம்புகள், முக்கியமாக வேகஸ் நரம்பு, துடிப்பைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தரும். தூக்கம் கெட்டு, மனஅழுத்தம் நீடித்தால் முதல் பிரிவின் கை ஓங்கிவிடும்.

இந்த மண்டலத்தின் வேலைகளில் நாம் நினைத்தபடி எளிதாக மாற்றக்கூடியது மூச்சு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடும். விடும்போது வேகஸ் நரம்பு அதைக் குறைக்கும்.

ஆய்வுகள் சொல்வது

புதுச்சேரி ஜிப்மரில் 60 மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. 3 மாதம் மெதுவான மூச்சுப் பயிற்சி செய்தவர்களிடம் எதிர்ப்பரிவு நரம்புகளின் செயல்பாடு கூடி, பரிவு நரம்புகளின் செயல்பாடு குறைந்தது. வேகமான மூச்சுப் பயிற்சி செய்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி குழுவினரின் ஆய்வு 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கிறிஸ்தவ ஜெபமாலையை ஓதியபோதும், யோக மந்திரத்தை ஓதியபோதும் 23 பேரின் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் வலுப்பட்டது. இரண்டு மதங்களின் வாசகங்கள், ஒரே விளைவு. நரம்பு மண்டலம் பார்ப்பது மந்திரத்தை அல்ல, மூச்சின் வேகத்தை.

மார்க்கத்தின் பார்வை

மந்திரமும் வழிபாடும் கலந்த யோகாவை மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில் 2008-இல் தடுத்தது. உடலசைவை மட்டும் செய்வதையும் தவிர்க்கச் சொன்னது. இந்தோனேசிய உலமா கவுன்சில் 2009-இல் மந்திரம், சடங்கு கலந்ததைத் தடுத்து, வெறும் உடற்பயிற்சியை அனுமதித்தது. 2015-இல் நம் நாட்டில் முதல் யோகா தினம் வந்தபோது, முஸ்லிம் அமைப்புகளின் ஆட்சேபத்துக்குப் பின் சூரிய நமஸ்காரம் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது.

ஆகவே மந்திரம், சூரிய நமஸ்காரம் இரண்டும் நமக்கு வேண்டாம். அவற்றை விடுவதால் மருத்துவப் பலன் எதுவும் போய்விடாது. ஆசனங்களிலும் பேணுதல் வேண்டுவோருக்கு மூச்சுப் பயிற்சி மட்டுமே போதும்.

செய்முறை

நிமிர்ந்து உட்கார்ந்து, 5 விநாடி மூச்சை இழுத்து, 5 விநாடி விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். தினமும் 10 நிமிடத்தில் தொடங்கலாம். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் வேகமான மூச்சுப் பயிற்சி, தலைகீழ் ஆசனம் ஆகியவற்றைத் தவிர்க்கட்டும்.

தொழுகையையும் திக்ரையும் இத்தோடு ஒப்பிட வேண்டாம். அவை அல்லாஹ்வுக்கான இபாதத். இது உடலுக்கான மருந்து. மருந்து தேடுவதும் நபிவழியே. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.