ஓடு மாற்றும் காலம்

ஐப்பசி அடைமழைக்கு முன்பே, வெயில் காயும் நாளாகப் பார்த்து, தமிழ்நாட்டு ஓட்டு வீடுகளின் கூரையில் ஆட்கள் ஏறிவிடுவார்கள். நாட்டு ஓடுகளை வரிசையாக எடுத்து, இடுக்கில் மக்கிய சருகைத் தட்டி, உடைந்ததை ஒதுக்கிவிட்டு நல்லதை மறுபடி அடுக்குவார்கள். ‘ஓடு மாத்துறது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். பற்றாத ஓட்டுக்கு, மண் வனையும் வேளாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள்.

நாட்டு ஓட்டின் அமைப்பே இந்த வழக்கத்தை உண்டாக்கியது. சக்கரத்தில் குழாயாக வனைந்து, மண் அரை ஈரமாக இருக்கும்போதே நெடுக்கில் இரண்டாகக் கீறி, சூளையில் சுட்ட ஓடு அது. மல்லாத்தி ஒன்று, கவிழ்த்து ஒன்று என அடுக்கினால் தன் எடையிலேயே நிற்கும். ஆணி கிடையாது, கம்பி கிடையாது. பூனை ஓடினாலும், குரங்கு குதித்தாலும், தென்னை மட்டை விழுந்தாலும் விலகிவிடும். புயல் காற்றைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அந்தக் கூரையைச் சோதிக்க யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. கதவை அடைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். எங்கே வெளிச்சப் பொட்டு தெரிகிறதோ அங்கே ஓடு விலகியிருக்கிறது. சிறிய விலகல் என்றால் கம்பு ஒன்றால் கீழிருந்தே தள்ளிச் சரிசெய்துவிடுவார்கள். கைமரத்தில் புதிதாக நீர்க்கறை இறங்கியிருந்தால் அதற்கு மேலே உள்ள ஓடு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் பார்த்தே பழகிய அறிவு இது. பாதுகாப்பான சோதனைக்கு இன்றைக்கும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

1865இல் மங்களூரில் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற பாசல் மிஷன் கிறிஸ்தவ ஊழியர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அங்கே செய்த, ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டையான ஓடு, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்தோனி சகோதரர்கள் 1841இல் காப்புரிமை பெற்ற வகையின் வழிவந்தது. கோழிக்கோடு, பாலக்காடு என்று தொழிற்சாலைகள் பரவின. ரயிலேறித் தமிழ்நாட்டுக்கும் வந்த ஓட்டைச் சனங்கள் ‘சீமை ஓடு’ என்றார்கள். அடியிலுள்ள முளை ரீப்பர் சட்டத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆண்டுதோறும் மாற்றும் வேலை குறைந்தது. கூரையை ஆண்டுக்கொருமுறை பிரித்துப் பார்க்கும் பழக்கமும் அதோடு மெல்லத் தேய்ந்தது. வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் பழுது கண்ணில் படாமல் வளரவும் அதுவே இடம் கொடுத்தது.

புயல் வரும்போது காற்று கூரையை அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதில்தான் ஆபத்து அதிகம். அந்த இழுப்பு முகட்டிலும் மூலைகளிலும் இறவாரத்திலும் கடுமையாக இருக்கும். புயலுக்குப் பின் முதலில் பார்க்கவேண்டிய இடங்களும் அவைதான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் கூரையில்லாமல் நிற்கின்றன.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கீற்று, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் என்று எந்தக் கூரையையும் விட்டுவைக்கவில்லை. தார்ப்பாயை விரித்துக் கட்டக் கூரையேற வேண்டிய நிலை வீடு வீடாக வந்தது. இங்கேதான் பழைய அனுபவம் கைகொடுக்காமல் போகிறது. நாட்டு ஓட்டில் ஏறியவர் அடியிலுள்ள கைமரம் பார்த்துக் கால் வைப்பார். ஆஸ்பெஸ்டாஸ் தகடோ பார்வைக்குத் திடமாகத் தெரியும். புயலில் விரிசல் விட்டிருந்தால் ஓர் ஆளின் எடையைக்கூடத் தாங்காமல் பொலபொலவென்று உடைந்து உள்ளே இறக்கிவிடும். உடைந்த துண்டுகளின் தூசி நுரையீரலுக்கும் கேடு. புயலில் தப்பியவர் மறுநாள் தன் வீட்டுக் கூரையிலிருந்து விழுவது எவ்வளவு பெரிய கொடுமை!

ஆகவே புயல் ஓய்ந்ததும் ஏணியைத் தேடாதீர்கள். அறுந்த மின்கம்பி கூரையில் கிடக்கிறதா என்று தள்ளி நின்றே பாருங்கள். கிடந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கம்பி இல்லையென்றால் வீட்டைச் சுற்றி வந்து, தரையில் விழுந்த ஓட்டுத் துண்டுகளைக் கவனியுங்கள். கூரை தொங்காமல் நேராக இருந்தால் மட்டும் உள்ளே போய் அண்ணாந்து வெளிச்சப் பொட்டுகளைத் தேடுங்கள். ஓட்டுக் கூரையில் ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், கூரை நன்றாகக் காய்ந்த பிறகு, கைமரத்தில் நடந்து பழகிய ஓட்டு வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.