கட்லெட்டும் களியும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். ரொட்டித்தூள் பூசிப் பொரித்த ஒரு பெரிய இறைச்சித் துண்டு, தட்டையே மூடிக்கொண்டு கிடந்தது. "சார், நம்ம ரயில் கட்லெட்டுக்கு இது பெரியப்பா மாதிரி இருக்கு. இங்கே வீட்டுக்கு வீடு இதுதான். இத்தாலிக்காரங்க ஊர்லேர்ந்து கொண்டு வந்ததாம். உண்மையா?" என்று கேட்டிருந்தான். ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தானே! அவனுக்கு எழுதிய பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

அதன் பெயர் மிலனேசா. 'மிலான் நகரத்தது' என்று பொருள். மிலானில் எலும்போடு கூடிய கன்றுக்கறியை முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, வெண்ணெயில் பொரிப்பார்கள். ஆகவே அவன் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து லட்சக்கணக்கான இத்தாலியர்கள் கப்பலேறி அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். 1914ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தலைநகர் புவெனஸ் ஐரிஸில் கிட்டத்தட்டப் பாதிப் பேர்.

போனவர்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயிகள், கூலிகள். மிலான் கட்லெட் வசதி உள்ளவர் வீட்டுப் பண்டம். வட இத்தாலியக் கிராமத்து ஏழைக்கு அன்றாடம் பொலெண்டா, அதாவது மக்காச்சோளக் களிதான். அதை மட்டுமே நம்பியிருந்ததால் நயாசின் என்ற வைட்டமின் கிடைக்காமல் லொம்பார்டியிலும் வெனெட்டோவிலும் பெலக்ரா நோய் பரவியது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், முற்றினால் புத்தி பேதலிக்கும். லொம்பார்டியின் தலைநகர்தான் அந்த மிலான்!

கடல் தாண்டிய பிறகு நிலைமை தலைகீழானது. பாம்பாஸ் புல்வெளியில் மாடுகள் ஏராளம், மாட்டிறைச்சி மலிவு. வந்தவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லோருக்கும் ஒரே முற்றம் என்றிருந்த கொன்வென்டிஜோ என்னும் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். ஆனாலும் கறி வாங்க முடிந்தது. கன்றுக்கறிக்குப் பதில் மாட்டின் பின்தொடைக் கறியை மெல்லியதாக அரிந்து, தட்டி, பூண்டும் பார்ஸ்லித் தழையும் கலந்த முட்டையில் ஊறவைத்து, காய்ந்த ரொட்டியின் தூளில் அழுத்திப் பொரித்தார்கள். மிச்சமான ரொட்டியும் வீணாகவில்லை, கொஞ்சம் கறியும் தட்டு நிறையத் தெரிந்தது.

பிறகு அதன்மேல் தக்காளிச் சாறு, பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி வைத்து 'நேப்பிள்ஸ் பாணி மிலனேசா' என்றார்கள். அது பிறந்தது நேப்பிள்ஸிலும் இல்லை, மிலானிலும் இல்லை; புவெனஸ் ஐரிஸில்.

ஆக, பேரப்பிள்ளைகள் 'பாட்டி ஊர்ச் சாப்பாடு' என்று சொல்வது, பல பாட்டிகள் தங்கள் ஊரில் அன்றாடம் காணாத சாப்பாடு.

இதை எழுதும்போது எனக்கே சுருக்கென்றது. போன மாதம் வெளிநாட்டில் இருக்கும் பேத்தி பள்ளி வேலைக்காக, "தாத்தா, நம்ம பாரம்பரிய உணவு எது?" என்று கேட்டாள். "இட்லிதான்மா, தலைமுறை தலைமுறையா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். என் சிறு வயதில் எங்கள் வீட்டில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும். ஆட்டுக்கல்லில் அம்மா மாவு அரைக்கும் சத்தம் கேட்டாலே நாங்கள் தூங்க மாட்டோம். இத்தனை வருஷம் வரலாறு நடத்தியவன், என் அம்மாவின் அடுப்பை மறந்துவிட்டேன்.

நேற்று பேத்திக்கு ஃபோன் செய்து திருத்திச் சொன்னேன். "அப்போ நீங்க தினமும் இட்லி சாப்பிடலையா தாத்தா?" என்று கேட்டாள். "ஆசைப்பட்டோம்மா" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். எதற்கு ஏங்கினார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டதை இங்கே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.