பெயர் குறித்துச் சொல்லுதல்: பம்பாய் யூத ஆசிரியர் ஒருவரும் கலைக்களஞ்சியப் பணியும்

1901 முதல் 1906 வரை நியூயார்க்கில் பங்க் அண்ட் வாக்னல்ஸ் நிறுவனம் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில ‘யூதக் கலைக்களஞ்சிய’த்தின் மூன்றாம் தொகுதியில், கொங்கணக் கரை யூதர்களாகிய பெனே இஸ்ரேலரைப் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. அதன் அடியில் இரண்டு பெயர்கள் காணப்படுகின்றன. ஒன்று ஜோசப் ஜேக்கப்ஸ். சிட்னியில் பிறந்து இலண்டனில் எழுதிய நாட்டார் வழக்காற்றியலாளர். 1892இல் இந்தியத் தேவதைக் கதைகளைத் தொகுத்தவர் என்ற அளவில் நம்மவர் சிலரும் அறிந்த பெயர். மற்றொன்று ஜோசப் எசேக்கியேல். பம்பாய்ப் பள்ளி ஆசிரியர். முழுப்பெயர் ஜோசப் எசேக்கியேல் ராஜ்பூர்க்கர். இந்தப் பதிவு அவரைப் பற்றியது. அவர் வழியாக, இன்று இணையக் கலைக்களஞ்சியங்களில் ஊதியமின்றி எழுதுவோர் சிலரை இயக்கும் சமய உணர்வைப் பற்றியது.

சமய நம்பிக்கை உடையவர் கலைக்களஞ்சியம் எழுதினால் அது பரப்புரையாகிவிடும் என்ற கருத்து ஆய்வு மாணவரிடையே பரவலாக உள்ளது. கருத்தரங்குகளில் ஏறத்தாழ ஒரு சூத்திரம்போல் இது ஒலிக்கக் கேட்டிருக்கிறேன். அதை முழுதும் மறுப்பது என் நோக்கமன்று. ஆனால் யூத மரபில் இதற்கு நேர்மாறான சான்றும் வலுவாக இருப்பதால், இவ்வளவு எளிதாக முடிவு கட்ட இயலாது.

ராஜ்பூர்க்கர் 1834இல் பம்பாயில் பிறந்தார். அவருடைய சமூகத்தார் மராத்தி பேசியவர்கள்; கொங்கணச் சிற்றூர்களில் செக்காட்டி வாழ்ந்தவர்கள். ஓய்வுநாளில் செக்கு ஓட்டாமையால் ‘சனிவார் தேலி’ என்று அழைக்கப்பட்டனர். தமிழில் சொன்னால் சனிக்கிழமை வாணியர். ஓய்வுநாளும் விருத்தசேதனமும் உணவு விலக்குகளும் அவர்களிடம் நிலைத்திருந்தன. எபிரேயக் கல்வியோ மிகவும் தேய்ந்துபோயிருந்தது. அதை மீட்டதில் இருவருக்குப் பங்குண்டு. ஒருவர் கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்கள். மற்றவர், வியப்பாயினும், ஸ்காட்லாந்துக் கிறித்தவ மறைப்பணியாளர்கள். ஜான் வில்சன் 1832இலேயே மராத்தி வழி எபிரேய இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். மதம் மாற்றும் எண்ணத்தோடு கற்பிக்கப்பட்ட மொழியைக் கொண்டே அச்சமூகம் தன் வழிபாட்டு நூல்களுக்குத் திரும்பியது. மறைப்பணியாளர் பள்ளியில் பயின்ற ராஜ்பூர்க்கர், பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் நிலைத்த வணிகர் டேவிட் சசூனின் பெயரால் அமைந்த பள்ளியில் ஆசிரியராகிப் பின் தலைமையாசிரியராக நாற்பதாண்டுக் காலம் பணிபுரிந்தார். எபிரேய வழிபாட்டு நூல்கள் இருபதுக்கு மேற்பட்டவற்றை மராத்தியில் பெயர்த்தார். பள்ளியிலும் மொழிபெயர்ப்பிலும் அவர் செய்துவந்ததன் நீட்சியே கலைக்களஞ்சியக் கட்டுரை: தம் மக்கள் தம்மைப் பற்றி அறியவும், பிறர் அவர்களைச் சரியாக அறியவும் எழுதுதல்.

இந்த ‘சரியாக அறிதல்’ என்பதன் பின்புலம் ஐரோப்பாவில் உள்ளது. லியோபோல்ட் சுன்ஸ் முதலிய இளைஞர்கள் 1819இல் பெர்லினில் யூதப் பண்பாட்டுக்கும் அறிவியலுக்குமான சங்கம் ஒன்றைத் தொடங்கினர். யூதரின் வரலாற்றை அதுவரை பெரும்பாலும் பிறரே எழுதினர், பகைவரும் எழுதினர். மோரிட்ஸ் ஸ்டைன்ஷ்னைடரும் டேவிட் கேசலும் 1844இல் யூதக் கலைக்களஞ்சியத் திட்டம் ஒன்றை அச்சிட்டனர், அது நூலாகவில்லை. அரைநூற்றாண்டு கழித்து, மொராவியாவில் பிறந்து 1895இல் அமெரிக்கா சேர்ந்த இசிடோர் சிங்கர் அக்கனவை வேறு மண்ணில் நிறைவேற்றினார். ஐரோப்பாவில் யூத வெறுப்பு அரசியல் கட்சிகளின் கொள்கையாகவே மாறிவிட்ட காலம் அது. அவதூறுக்கு மறுமொழியாக வசைநூல் எழுதாமல், ஆண்டும் சான்றும் கொண்ட அகரவரிசை நூல் ஒன்றைத் தொகுத்தார்கள் என்பதில் ஒரு மனத்திட்பம் இருக்கிறது.

இனி மரபின் உள்ளே செல்வோம். மிஷ்னாவின் ‘தந்தையர்’ என்னும் பகுதி கல்வி பற்றிச் சொல்வனவற்றுள் இரண்டு இங்கே கருதத்தக்கவை. மறைக்கல்வியைப் பிழைப்புக்குரிய கருவியாக்கலாகாது என்பது ஒன்று. ஒரு கருத்தை அதை முதலில் கூறியவரின் பெயரோடு சொல்பவர் உலகிற்கு மீட்பைக் கொணர்கிறார் என்பது மற்றொன்று. அடிக்குறிப்பு இடுவதை இவ்வளவு உயரத்தில் வைத்த வேறொரு சமய மரபை நான் கண்டதில்லை. (நம் இலக்கண நூலாசிரியர்கள் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று பெயர் கூறாமல் கடந்துபோவதை இங்கே நினைத்துப் பெருமூச்செறியலாம்.) தோற்றுப்போன சிறுபான்மைக் கருத்தும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதற்கு மிஷ்னா காரணம் காட்டி விவாதிக்கிறது, பின்வரும் அவை ஒன்று அதைச் சார்ந்து வேறு முடிவுக்கு வரக்கூடும். வெனிஸில் டேனியல் பொம்பெர்க் 1520களின் தொடக்கத்தில் அச்சிட்டு முடித்த தல்மூதுப் பக்கத்தைப் பார்த்தவர்க்கு இது கண்கூடு: நடுவில் மூலம், ஒருபுறம் ராஷியின் உரை, மறுபுறம் அவரை மறுக்கவும் தயங்காத பிற்காலத்தார் குறிப்புகள். விக்கிப்பீடியாக் கட்டுரையையும் அதன் உரையாடல் பக்கத்தையும் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற பகுதியையும் ஒருங்கே விரித்து வைத்தால் கிடைப்பது ஏறத்தாழ இதுவே. மெய்யறிதன்மை, நடுநிலை நோக்கு என்று விக்கிப்பீடியர் கூறும் விதிகள் இம்மரபில் வளர்ந்தவருக்கு அயலானவையாக இரா. கல்வியைக் கல்விக்காகவே மேற்கொள்வதை எபிரேயத்தில் ‘லிஷ்மா’ என்பர். ஊதியமற்ற தொகுப்புப் பணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

ஆயினும் கோட்பாடு அளவில் நின்றுவிட்டால் போதாது. நம்பிக்கையும் சான்றும் முரண்படும் இடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நமக்கு மிக அருகில், நம் எழுத்திலேயே உள்ளது.

கொச்சி மட்டாஞ்சேரி யூதர்கள் காத்துவந்த செப்பேடு வட்டெழுத்தில், கிரந்த எழுத்துகள் இடைகலந்து வெட்டப்பட்டது. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து, இஸ்ஸுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அளித்ததை அது கூறுகிறது. சமூக மரபு இந்தக் கொடையைப் பொ.ஆ. 379இல் வைக்கிறது. செப்பேட்டிலோ பொது ஆண்டு இல்லை. ஆட்சியாண்டு மட்டுமே உண்டு. குண்டர்ட் 1844இல் படித்தது முதல் பர்னல், ஹுல்ட்ஸ் எனப் பலர் ஆராய்ந்தனர்; எம்.ஜி.எஸ். நாராயணன் 1972இல் வெளியிட்ட நூலுக்குப் பின் ஏறத்தாழ 1000 என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கும் காலம். ஆறு நூற்றாண்டு வேறுபாடு. அதோடு, பழைய நூல்கள் பலவற்றில் அஞ்சுவண்ணம் ஒரு சிற்றரசாகவும் இஸ்ஸுப்பு இரப்பான் அதன் யூத அரசராகவும் தோன்றுகின்றனர். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் பிற கல்வெட்டுகளிலும் இச்சொல் வரும் இடங்களை ஒப்புநோக்கிய பின், அது மேற்காசிய வணிகர் குழுவொன்றின் பெயர் என்பது தெளிவாயிற்று. அரசர், வணிகத் தலைவராகிறார்.

நம்பிக்கையுள்ள யூதர் ஒருவர் இந்தக் கட்டுரையைத் திருத்த அமர்ந்தால் என்ன செய்வார்? 379ஐ மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகலாம். அவ்வாறு நிகழாமல் இல்லை. ஆனால் அவருடைய மரபே வேறொரு வழியைக் கற்பித்திருக்கிறது: சமூகம் இவ்வாறு சொல்கிறது, செப்பேடு இதைச் சொல்கிறது, இன்ன ஆய்வாளர் இன்ன ஆண்டில் இவ்வாறு கணித்தார் என்று மூன்றையும் உரியவர் பெயரோடு நிறுத்துதல். 379 என்பது நிகழ்ச்சியின் ஆண்டாக இல்லாது போயினும், ஒரு சமூகம் தன் தொன்மையை எவ்வாறு நினைவுகொண்டது என்பதற்குச் சான்றாக நிற்கும். அதை அழிப்பதும் பிழை. உண்மை என்று நிறுவுவதும் பிழை.

எதிர்நிலைச் சான்றையும் சொல்லிவிட வேண்டும். யூதக் கலைக்களஞ்சியத்திற்கு நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதிய ஜே. டி. ஐசன்ஸ்டைன், அது சீர்திருத்தப் பிரிவாரின் பார்வைக்கு இணங்கிவிட்டதாகக் கருதி, ‘ஓட்சர் இஸ்ராயேல்’ என்ற எபிரேயக் கலைக்களஞ்சியத்தை 10 தொகுதிகளாகத் தாமே கொணர்ந்தார். 1913இல் அது நிறைவுற்றது. நூறாண்டு கழித்து அதே பிளவு இணையத்தில் நேர்ந்தது. எபிரேய விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2010களில் தீவிர மரபுவாத யூதர் சிலர் ‘ஹமிக்லோல்’ என்ற தளத்தை அமைத்து, எபிரேய விக்கிப்பீடியாக் கட்டுரைகளை எடுத்து, படிமலர்ச்சி, உலகின் வயது, ஒவ்வாத படங்கள் ஆகியவற்றைத் திருத்தியோ நீக்கியோ வெளியிட்டு வருகின்றனர். வடிகட்டிய இணைய இணைப்பு மட்டுமே கொண்ட குடும்பங்களுக்கு இது ஓர் அறிவு வாயில் என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களின் உழைப்பும் தன்னார்வ உழைப்பே. இருப்பினும், மறுதரப்பின் கூற்றைப் பக்கத்திலிருந்தே அகற்றும் செயல், தோற்ற கருத்தையும் காத்துவைத்த மிஷ்னாவின் வழக்கத்திலிருந்து விலகுகிறது என்றே கருதுகிறேன். இங்கே குறை நம்பிக்கையினுடையதன்று. நம்பிக்கையின் எந்தக் கூறைக் கைக்கொள்வது என்ற தேர்வினுடையது.

கௌதள்ளியில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் ஒரு சொல் கூடுதலாக. கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள இவ்வூர், 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமான பின்னும் பல பட்டியல்களில் மைசூருக்கே உரியதாகக் கிடக்கிறது. ஊரார் யாரேனும் அமர்ந்து, அரசாணையைச் சான்று காட்டித் திருத்தாதவரை அது அப்படியே நகலெடுக்கப்படும். மைசூரு பல்கலைக்கழகம் பெரும்பொருட்செலவில் உருவாக்கிய கன்னட விஸ்வகோசத்தின் சில தொகுதிகளை 2014இல் கட்டற்ற உரிமத்தில் விக்கிப்பீடியாவுக்கு வழங்கியது. அச்சுக் களஞ்சியம் இணையத்தில் மறுபிறவி எடுக்கும் இந்நிகழ்வுக்கு முன்னோடி, காப்புரிமை நீங்கிய அந்த யூதக் கலைக்களஞ்சியமே. ஆங்கில விக்கிப்பீடியாவின் தொடக்க ஆண்டுகளில் அதன் பத்திகள் ஏராளமாக உள்ளே சென்றன. பல கட்டுரைகளின் அடியில் இன்றும் அந்த நன்றிக்குறிப்பைக் காணலாம். அதனால் 1902ஆம் ஆண்டின் பிழைகளும் உடன் சென்றன என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. பெனே இஸ்ரேலர், கொச்சி யூதர் பற்றி ஆய்வேடு எழுதுவோர், ஒரு செய்தி விக்கிப்பீடியாவிலும் பழைய களஞ்சியத்திலும் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு, இரண்டு சான்றுகள் கிடைத்தன என்று மகிழ்வதற்கு முன், இரண்டும் ஒரே சான்றா என்று பார்த்துக்கொள்க.

அதே சமூகத்தின் மற்றோர் ஆசிரியர் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 1897இல் எழுதிய பெனே இஸ்ரேலர் வரலாறு, 1937இல்தான் டெல் அவிவில் அச்சேறியது. நாற்பதாண்டு அது கையெழுத்துப்படியாகவே இருந்தது. ராஜ்பூர்க்கரின் கட்டுரைக்கு அந்த நிலை நேரவில்லை. அவர் 1905இல் பம்பாயில் காலமானார். அவ்வாண்டு வெளிவந்த பத்தாம் தொகுதியில் ‘ஆர்’ எழுத்தின்கீழ் அவருக்கே ஒரு பதிவு உள்ளது. இறந்த ஆண்டும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது.