அம்பூரிக் குடியேற்றமும் நம் பூர்வீகத் தேடலும்

நெய்யாற்றங்கரை, பாறசாலை ஊர்களுக்கு வடகிழக்கே, அகஸ்தியர் மலைச்சாரலில் நெய்யாறு அணையை ஒட்டியுள்ள மலைக்கிராமம் அம்பூரி. ஆதியில் அங்கு வாழ்ந்தவர்கள் காணி மக்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மீனச்சில் முதலிய மத்திய திருவிதாங்கூர்ப் பகுதிகளிலிருந்து சிரியன் கிறிஸ்தவ விவசாயக் குடும்பங்கள் வந்து காட்டைத் திருத்தி, மரவள்ளியும் மிளகும் பிறகு ரப்பரும் பயிரிட்டன. சொந்த ஊரில் நிலம் போதாமையும், இரண்டாம் உலக யுத்த காலத்து உணவுப் பஞ்சமும் அன்றைய குடியேற்றங்களுக்கு முக்கியக் காரணங்கள்.

அப்படி முதலில் வந்தவரின் வரலாற்றைப் பேரன் எங்கே தேடுவான்? முதலாவது, குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் வரும் வீட்டுப்பெயர். இரண்டாவது, பழைய ஊர், புதிய ஊர் மாதா கோயில்களின் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய பதிவேடுகள். மூன்றாவது, நிலத்தின் தண்டப்பேர், பட்டயம், ஆதாரம். கேரளத்தில் காட்டு நிலக் குடியேற்றத்துக்குப் பட்டயம் தர 1-1-1977-க்கு முன் அனுபவம் இருந்திருக்க வேண்டும். ஆகவே தாத்தா வந்த வருஷம் வெறும் குடும்பக் கதை அல்ல. பழைய பத்திரங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு. அத்துடன் 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருஷம் கிடைக்கும். 1924-ல் வந்த பெருவெள்ளத்தைப் பெரியவர்கள் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பது கொல்லம் 1099-ஐ வைத்துத்தான்.

2001 நவம்பர் 9 இரவு அம்பூரியில் மலை சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்படி ஓர் இரவில் வீட்டோடு பத்திரப் பெட்டியும் போகும்; விவரம் தெரிந்த பெரியவர்களும் போய்விடுவார்கள்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. நெல்லை, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து திருவிதாங்கூருக்குச் சென்ற நம் முன்னோரும் குடியேறியவர்களே. தர்ப்பணத்தில் கோத்திரத்தோடு தகப்பனார் வழியில் மூன்று தலைமுறையும், மாதாமகர் வழியில் மூன்று தலைமுறையும், பாட்டிமார் உள்பட, பெயர் சொல்கிறோம். அங்கே பெயர் உண்டு, ஊர் இல்லை. பத்திரத்தில் ஊர் உண்டு, பாட்டியின் பெயர் பெரும்பாலும் இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் வம்சாவளி பூர்த்தியாகும்.

எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இன்னொரு சிரமம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையிலும் களியக்காவிளையிலும் நிலம் வைத்திருந்த ஒரே குடும்பம் இன்று இரண்டு மாநில ஆபீஸ்களில் தேட வேண்டும். அதற்கு முந்தைய திருவிதாங்கூர் சர்க்கார் பதிவுகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தை அணுகலாம். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் உடன் வருவது நல்லது.

அங்கத்தினர்கள் வரும் அமாவாசைக்குள் ஒரு நோட்டில் தர்ப்பணப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பிறந்த ஊர், புகுந்த ஊர், குலதெய்வம் மூன்றையும் குறிக்கலாம். விட்டுப்போனதைச் சொல்ல வீட்டில் ஒரு பாட்டியோ அத்தையோ இருந்தால், கேட்க வேண்டிய சமயம் இதுதான்.