வெள்ளைச் சுவரும் சித்தாள் கையும்: மேற்பூச்சின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கட்டிடங்களின் வரலாறு என்று நம்மிடம் இருப்பதெல்லாம் கட்டி முடித்த நாளோடு நின்றுபோகிற வரலாறுதான். அண்ணா சாலையிலுள்ள ஹிக்கின்பாதம்ஸ் கட்டிடம் 1904, பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம் 1897 என்று ஆண்டு சொல்வார்கள், வடிவமைத்தவர் பெயர் சொல்வார்கள், பாணி சொல்வார்கள். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் இந்த நகரத்தின் கடைச்சுவர்களும் கம்பெனிச்சுவர்களும் எப்படி நின்றன, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சாரம் கட்டி ஏறியவர்கள் யார் என்று கேட்டால் பதில் இல்லை. கட்டுதல் என்ற வினை வரலாற்றுக்குள் வருகிறது. பராமரித்தல் என்ற வினை வருவதில்லை.

'மேற்பூச்சு' என்ற சொல்லை நாம் வசையாகத்தான் வைத்திருக்கிறோம். ஒரு நாவலை மட்டம் தட்ட 'மேற்பூச்சான எழுத்து' என்றால் போதும். நானே அப்படி எழுதியிருக்கிறேன். உள்ளே இருப்பது உசத்தி, மேலே இருப்பது பொய் என்ற இந்த இருமை எதிர்வு, பூச்சு வேலை செய்கிறவர்களை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று அப்போது யோசிக்கவில்லை. எம்.ஏ. படிக்கும்போது நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவரின் சுதை வெள்ளிக்கு உவமிக்கப்படுவதைப் பாடமாகப் படித்தேன். உவமை நயத்தை விளக்கினால் மதிப்பெண் உண்டு. பூசியவரைப் பற்றிக் கேட்க அந்தக் கேள்வித்தாளில் இடம் கிடையாது.

என் மாமா கொத்தனார். அத்தை சித்தாள். எனவே இது ஓரளவு சொந்தக் கணக்கு.

சென்னைச் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு காலத்தில் உலகப் பெயர் இருந்தது. 1732இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில், செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர் சென்னையில் காரை தயாரிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். சுண்ணாம்பு, மணல், வெல்லம், கடுக்காய் என்று பட்டியல் போகிறது. சுவரின் கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, வெண்ணெய்போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள். 1793இல் வெளியான பயணநூலில் ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கடலிலிருந்து பார்த்த சென்னைக்கு அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரத்தை உவமை சொல்கிறார். சலவைக்கல் என்று ஐரோப்பியக் கண் மயங்கியது செங்கல்மேல் பூசிய சுண்ணாம்பைப் பார்த்துத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோட்டைக்குள் இருந்தது 'வெள்ளை நகரம்'. வெளியே இருந்தது 'கறுப்பு நகரம்'. பிந்தையதுதான் 1911இல் ஜார்ஜ் டவுன் ஆனது. வெள்ளை நகரத்துச் சுவர்களின் வெண்மை, வெள்ளைக்காரன் கையால் வந்ததல்ல. கிளிஞ்சல் பொறுக்கிய, சூளை எரித்த, செக்கில் அரைத்த, சாரத்தில் தொங்கித் தேய்த்த கறுத்த உடல்களின் உழைப்பு அது. செய்முறை அச்சேறியபோது ஆளுநரின் பெயரோடு ஏறியது. செய்தவர்கள் செய்முறைக்குள் கரைந்துபோனார்கள், வெல்லம் மாதிரி.

சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பூசி மறந்துவிடுகிற பொருளல்ல. சுட்ட சுண்ணாம்பு நீர் சேர்ந்து நீறுகிறது. பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக வாங்கி மறுபடி கல்லாகிறது. ஈரத்தை உள்ளே விடும், வெளியேயும் விடும். மழையும் உப்புக்காற்றும் முதலில் தின்பது இந்தத் தோலைத்தான். தோல் தேய்வதால் செங்கல் பிழைக்கிறது. ஆகவே திரும்பத் திரும்பப் பூசவேண்டும். கோயில் இதைச் சடங்காகவே ஆக்கிவைத்திருக்கிறது: 12 வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபில் கோபுரத்துச் சுதை உருவங்கள் செப்பனிடப்பட்டு வர்ணம் பெறுகின்றன. கடைக்கும் வீட்டுக்கும் பொங்கலோ ஆயுதபூஜையோ வந்தால் வெள்ளையடிப்பு. கொஞ்சம் நீலம், கொஞ்சம் வஜ்ஜிரம், ஒரு மட்டை, கூலிக்கு ரெண்டு பேர். பராமரிப்பு என்பது காலண்டரில் இருந்தது. செய்தவர்கள் எங்கும் இல்லை.

பிறகு சிமெண்ட் வந்தது. 1904இல் சென்னையிலேயே கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்ட் தயாரிக்க முயன்றார்கள், நிலைக்கவில்லை. 1939இல் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. 1953இல் அந்த ஊருக்குக் கல்லக்குடி என்ற பெயரை மீட்கத் தண்டவாளத்தில் படுத்த போராட்டம் நமக்குத் தெரியும். பெயரை மீட்டோம், உள்ளே தயாரான சரக்கு நம் சுவரை, நம் வேலையை என்ன செய்யப்போகிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. சேரியில் ஒரு கான்கிரீட் வீடு என்பது அன்றைக்குக் கனவு. சுண்ணாம்புக்காக உருகுகிறவர்களில் பலருக்குக் குடிசை ஒழுகிய அனுபவம் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சிமெண்ட் கொண்டுவந்த கருத்தியல் வேறு: இனிமேல் பார்க்கவே வேண்டாம், ஒருதரம் பூசினால் போதும் என்பது. பராமரிப்பே தேவையில்லை என்றானபின் பராமரிக்கிறவர் எதற்கு?

2009 கோடையில், பிளஸ் டூ முடித்த கையோடு, மாமாவோடு ஜார்ஜ் டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வேலைக்குப் போனேன். பழைய காரைச் சுவர். முகப்புத் தூணுக்கு மேலே சுதையில் கொடியும் பூவும். மாமா சாரத்தில் ஏறிக் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கெட்டிச் சத்தம், சில இடத்தில் காலிப்பானைச் சத்தம். காலிப்பானை கேட்ட இடத்தையெல்லாம் கரியால் வட்டம் போட்டார். மழைத்தண்ணிக் குழாய் ஒழுகிய இடம், அரசங்கன்று வேர்விட்ட இடம், விளம்பரப் பலகைக்கு ஆணி அடித்த இடம். "மொதல்ல கொழாய மாத்தணும், செடிய வேரோட எடுக்கணும். வட்டம் போட்டத மட்டும் கொத்திட்டுச் சுண்ணாம்புலயே ஒட்டுப் போட்டாப் போதும்" என்றார். முதலாளிக்குப் பத்து நாளில் முடியவேண்டும். சிமெண்ட்டில் மொத்தமாக அப்பு, மேலே பெயிண்ட் அடி. மாமா ஒருதரம் சொல்லிப் பார்த்தார்: "மொதலாளி, பழைய செவுரு மூச்சு வுடும். சிமெண்ட்ட அப்பிட்டா உள்ளயே புழுங்கிப்புடும்."

"நீ என்ன இஞ்சினியரா?" என்றார் அவர்.

சிமெண்ட் பூச்சு விறைப்பானது. சுண்ணாம்புச் சுவரின் சின்ன அசைவுக்கு வளைந்துகொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பு வழியே மழை இறங்கும். கீழிருந்து ஓதம் ஏறும். வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சுக்குப் பின்னால் உப்பாகப் படிந்து பூச்சைத் தள்ளும். இதெல்லாம் இன்று மரபுக் கட்டிட வல்லுநர்கள் கருத்தரங்குகளில் சொல்கிற பாடம். மாமா அதை ஒரு வாக்கியத்தில் சொன்னார், ஆனால் சாரத்தின்மேல் நின்று சொன்னார். அந்த ஐப்பசியிலேயே உப்புப் பூத்தது. அடுத்த மழையில் பாளம் பாளமாக விழுந்தது, சுதைப்பூவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. பாக்கியிருந்த கூலி 'வேலை சரியில்லை' என்று நின்றுபோனது. அறிவு மறுக்கப்பட்ட இடத்தில் பழி மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

இப்போது சுண்ணாம்புக்கு மறுபடி மவுசு. 2006இல் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை இடிக்கத் தொடங்கியபோது வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். 2012இல் மரபுச் சின்னங்களுக்கென்று ஓர் ஆணையச் சட்டமே இயற்றப்பட்டது. நல்லதுதான். கட்டிடம் காப்பாற்றப்பட வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த 'மரபு' என்ற சொல்லாடலுக்குள் முகப்பு இருக்கிறது, பாணி இருக்கிறது, கடுக்காயும் வெல்லமும்கூட இருக்கின்றன. அரைக்கிற கை இல்லை. கட்டிடத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் வந்தது, மத்தியச் சட்டம் 1996இல் வந்தது. அது ஒரு கோப்பு, மரபு இன்னொரு கோப்பு. இரண்டும் ஒரே சுவரைப் பற்றியவை என்று இரண்டு அலுவலகத்துக்கும் தெரியாது.

அத்தைக்குச் சுண்ணாம்பின்மேல் எந்த ஏக்கமும் இல்லை. நீற்றும்போது தெறித்துக் கண் எரிந்ததும், விரலிடுக்கு வெந்ததும்தான் அவருக்கு அது. சிமெண்ட்டும் கையைத் தின்னத்தான் செய்தது. ரெண்டு பூச்சிலும் சித்தாளுக்குக் கொத்தனாரைவிடக் குறைந்த கூலிதான். பூச்சின் வரலாற்றை அந்தக் கையிலிருந்து எழுதினால் 'பொற்காலம்' என்று ஒன்று தேறாது.

போன தை மாதம் அந்தத் தெருவில் நடந்தேன். கடை முகப்பு முழுக்க அலுமினியத் தகடு போர்த்தியிருந்தார்கள். பழைய சுவர் பின்னால் இன்னும் இருக்கிறது, யாரும் தட்டிப் பார்க்க முடியாதபடி. வீட்டுக்கு வந்து, புதுப்பிக்கிற ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒரு பலகை வைக்கவேண்டும், பூசினவங்க பேர், அடுத்த பூச்சு எந்த வருஷம் என்று எழுதவேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"பேரு கெடக்கட்டும்டா. கூலி எவ்ளோன்னு எழுதச் சொல்லு மொதல்ல."